முன் கண்ணாடி மாத்தணும்: ஏடாஸ் கேமரா இருக்கற வண்டிக்கு வெளிக்கடையில போடலாமா?

நொய்யல்காரன் (திருப்பூர்)

வணக்கம்ங்க. நம்ம வண்டியில ஏடாஸ் இருக்குது, அதாவது கேமரா, ரேடார் வெச்சு ரோட்டைப் பாத்துத் தானா பிரேக் அடிக்கற, லேன்ல நிக்க வெக்கற வசதி. பெருந்துறை பக்கம் பைபாஸ்ல போயிட்டிருந்தப்ப முன்னாடி ஜல்லி ஏத்தின டிப்பர் ஒண்ணு, மேல தார்ப்பாய் கிடையாது. ஒரே ஒரு கல்லுதான். டிரைவர் பக்கம் கீழ் மூலையில டக்குனு அடிச்சுது. அன்னிக்குப் பாத்தா மிளகு சைஸ்ல ஒரு புள்ளி, அவ்வளவுதான். மறுநாள் மத்தியானம் வெயில்ல நின்ன வண்டியை எடுத்து ஏசியை முழுசா வெச்சதும் புள்ளியில இருந்து கோடு கிளம்பி ஒரு சாண் ஓடிருச்சு. இப்ப பாதிக் கண்ணாடி வரைக்கும் வந்து நிக்குது.

சர்வீஸ் சென்டர்ல கேலிபரேஷன் (கேமரா பாக்கற கோணத்தைச் சரி பண்றது) சேத்து 31,000 எஸ்டிமேட். வெளிய ஒரு கண்ணாடிக் கடையில 14,500. வெளிக்கடைக்காரர் சொல்றது: "கேமராவைக் கழட்டி அதே இடத்துல திரும்ப மாட்டறோம். அது எங்கயும் நகரப் போறதில்ல. கேலிபரேஷன்ங்கறது கம்பெனிக்காரன் காசு புடுங்கற வேலை."

கேமரா கண்ணாடிக்குப் பின்னாடி, ரேடார் முன் பம்பர்ல. வண்டி பேர் வேண்டாம்ங்க, சொன்னா இழை கம்பெனிச் சண்டையா மாறிடும். கேள்வி ஒண்ணுதான்: அந்தப் பதினாறாயிரத்து ஐநூறு ரூபாய்க்கு அர்த்தம் இருக்குதா?

டாப்கியர்_தம்பி (சென்னை)

ப்ரோ, வெளிய போடுங்க. ஏடாஸை ஆஃப் பண்ணிட்டு ஓட்டுங்க. நம்ம ரோட்ல கோடே இருக்காது, அதுல லேன் கீப் வேற. நான் வண்டி வாங்கின முதல் வாரமே எல்லாத்தையும் அணைச்சுட்டேன்.

வொர்க்‌ஷாப்_மணி (கோவை)

தம்பி, லேன் கீப்பை அணைக்கலாம், சரி. ஆனா பல வண்டியில தானியங்கி பிரேக்கிங் ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் பண்ணும்போதும் தானா ஆன் ஆயிடும். நீங்க அணைச்சது அணைஞ்சே கிடக்குதான்னு ஒரு தடவை மெனுவுல போய்ப் பாருங்க.

நொய்யல் அண்ணா, உங்க கேள்விக்கு வரேன். நான் ஒரு டீலர்ஷிப் பாடி ஷாப்ல இருந்தவன், இப்ப சொந்தமா வெச்சிருக்கேன். "கேமரா நகரல" அப்படிங்கறது பாதி உண்மை. கேமரா வண்டியோட பாடியில மாட்டி இருக்கறதில்ல. கண்ணாடியில ஃபேக்டரியிலயே ஒரு பிராக்கெட் ஒட்டி வருது, அதுல மாட்டி இருக்கு. கண்ணாடி மாறினா பிராக்கெட் மாறுது. புதுக் கண்ணாடி பேஸ்ட் மேல ஒரு மில்லி மீட்டர் தூக்கலா உக்காந்தாலும் கேமரா பாக்கற திசை மாறிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு டிகிரி திரும்பினா 50 மீட்டர் தள்ளி கிட்டத்தட்ட 87 சென்டிமீட்டர் விலகும். 100 மீட்டர் தள்ளி ஒண்ணே முக்கால் மீட்டர். ஹைவேயில ஒரு லேன் அகலம் 3.5 மீட்டர். அதாவது பக்கத்து லேன்ல போற லாரி உங்க லேன்ல போற மாதிரி கேமராவுக்குத் தெரியும், இல்லேன்னா உங்க முன்னாடி நிக்கற வண்டி ஓரமா நிக்கற மாதிரி தெரியும். முதல் விஷயம் நடந்தா காரணமே இல்லாம நடு ரோட்ல பிரேக் அடிக்கும், பின்னாடி வர்ற பஸ்காரன் உங்க டிக்கியில ஏறுவான். ரெண்டாவது நடந்தா அடிக்க வேண்டிய நேரத்துல லேட்டா அடிக்கும்.

இன்னொண்ணு, டாஷ்போர்டுல விளக்கு எரியலங்கறதை நம்பாதீங்க. கேமராவுக்குக் கரன்ட் வருது, படம் வருதுன்னா சில வண்டி எதுவும் சொல்லாது. அது கோணலாப் பாக்குதுன்னு அதுக்கே தெரியாது. பவர் மாறின மூக்குக் கண்ணாடியைப் போட்டுட்டு நடக்கற மாதிரிதான், தடுக்கி விழுந்தாத்தான் தெரியும்.

பழைய_பத்மினி (காரைக்குடி)

எங்க காலத்துல பத்மினி காருக்கு ரப்பர் பீடிங். உள்ள கயிறு விட்டு இழுத்தா கண்ணாடி உக்காந்துடும், டீ வர்றதுக்குள்ள வேலை முடிஞ்சது. இப்ப ஒரு கண்ணாடிக்கு லேப்டாப், டார்கெட் போர்டு, இஞ்சினியர். முன்னேற்றம்தான், வேற என்ன சொல்ல.

மதுரை_கண்ணாடிக்கடை

அண்ணே, பத்மினிக் கண்ணாடி வெறும் காத்து மறைக்கத்தான் இருந்துச்சு. இப்ப இருக்கறது வண்டியோட கூட்டுல ஒரு பாகம். வண்டி உருண்டா கூரை நசுங்காம இருக்க அதுவும் கை கொடுக்குது. பயணி பக்க ஏர்பேக் டாஷ்போர்டு மேல இருந்து வெடிச்சுக் கண்ணாடியில முட்டித்தான் ஆள் பக்கம் திரும்புது. கண்ணாடி பேத்துக்கிட்டுப் போனா ஏர்பேக்கும் கூடவே வெளிய போயிரும்.

நானும் வெளிக்கடைதான். அதனால வெளிக்கடைன்னாலே மட்டம்னு பேசாதீங்க. ஆனா கடையில போய் மூணு விஷயத்தை நீங்களே கண்ணால பாருங்க. எல்லாரும் கேலிபரேஷனைப் பத்தியே பேசறீங்க, நான் ஒட்டற பேஸ்ட்டைப் பத்திப் பேசறேன்.

பேஸ்ட் பியூவா இருக்கணும், அதாவது பாலியூரித்தேன். சில இடத்துல பாத்ரூமுக்கு அடிக்கற சிலிக்கானை அடிச்சு விட்டுடறாங்க. ஒட்டும், தண்ணியும் ஒழுகாது, ஆனா மோதினா தாங்காது. டியூப்பை வாங்கிப் பாருங்க, காலாவதி தேதியையும் பாருங்க. பழைய பியூ டியூப்புக்குள்ளயே இறுகி இருக்கும்.

அடுத்தது அறுக்கறது. பழைய பேஸ்ட்டை முழுசாச் சுரண்டி தகரம் வரைக்கும் போகக் கூடாது. ஒண்ணு ரெண்டு மில்லி மீட்டர் விட்டு மட்டமாச் சீவி, அது மேலதான் புது பேஸ்ட் போகணும். புதுசு பழசு மேல நல்லாப் பிடிக்கும். கத்தி பட்டு பெயின்ட் போன இடம் இருந்தா அதுக்குப் பிரைமர் அடிக்கணும். அடிக்கலேன்னா இன்னிக்குத் தெரியாது, ரெண்டு மழைக் காலம் போனா உள்ளுக்குள்ள துரு ஏறி, தண்ணி கால் மேட்டுக்கு வரும். அந்த வண்டியைத் திரும்பக் கொண்டு வர்றப்ப தகர வேலை, பெயின்ட் வேலைன்னு கண்ணாடி விலையைத் தாண்டிரும்.

கடைசியா நேரம். பியூ காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துத்தான் இறுகும். வெக்கையும் ஈரமும் இருந்தா சீக்கிரம், வறண்டு போய்க் குளிரா இருந்தா லேட். எவ்வளவு நேரம் கழிச்சு ஓட்டலாம்னு டியூப்லயோ கம்பெனிக்காரன் தாள்லயோ போட்டிருக்கும், ஒவ்வொரு பேஸ்ட்டுக்கும் வேற வேற. "ஒட்டியாச்சு சார், எடுத்துட்டுப் போங்க"ன்னு சொன்னா நகராதீங்க. முதல் நாள் கதவை அறைஞ்சு சாத்தாதீங்க, ஒரு ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி விட்டுருங்க, உள்காத்து கண்ணாடியைத் தள்ளாம இருக்கும். வாட்டர் வாஷ் வேண்டவே வேண்டாம்.

நொய்யல்காரன்

ரொம்ப நன்றிங்க அண்ணா. அப்ப கண்ணாடி? வெளிக்கடைக்காரர் "அதே கம்பெனி கண்ணாடிதான், கார் லோகோ மட்டும் இருக்காது"ங்கறாரே?

மதுரை_கண்ணாடிக்கடை

அது பெரும்பாலும் உண்மைதான். இங்க கார் கம்பெனிக்காரன் யாரும் கண்ணாடி செய்யறதில்ல. செயின்ட் கோபெய்ன் செக்யூரிட், ஏஐஎஸ் மாதிரி ஆளுங்கதான் செஞ்சு கொடுக்கறாங்க. அதே ஆளுங்க வெளிச் சந்தைக்கும் விக்கறாங்க.

வொர்க்‌ஷாப்_மணி

இங்கதான் மதுரை அண்ணன்கிட்ட எனக்கு ஒப்புதல் இல்ல. கம்பெனி ஒண்ணா இருக்கலாம், கண்ணாடி ஒண்ணா இருக்கணும்னு இல்ல. ஒரே மாடலுக்கே நாலஞ்சு விதமா வரும். மழை சென்சார் இருக்கறது, இல்லாதது, சத்தம் குறைக்கற நடு லேயர் போட்டது, போடாதது, கேமரா வெச்சது, வெக்காதது. கேமராவுக்கு முன்னாடி கறுப்புப் பட்டைக்கு நடுவுல ஒரு சின்ன ஜன்னல் விட்டிருப்பாங்க பாருங்க, அந்த இடத்துல கண்ணாடி நெளியவே கூடாது. நம்ம கண்ணுக்கு நெளிவு தெரியாது, கேமராவுக்குத் தெரியும்.

நான் கண்ணால பாத்த கூத்து ஒண்ணு: கேமரா இல்லாத வேரியன்ட்டோட கண்ணாடியை வாங்கி, பழைய கண்ணாடியில இருந்து பிராக்கெட்டைப் பேத்து இதுல ஒட்டி இருந்தாங்க. எங்ககிட்ட கேலிபரேஷனுக்கு வந்தது. எத்தனை தடவை ஓட்டினாலும் பாஸ் ஆகல. கேமரா திருத்திக்கறதுக்கு ஒரு எல்லை உண்டு, அதுக்கு மேல கோணினா "முடியாது"ன்னு சொல்லிடும். மிஷின் சரி இல்லன்னு கஸ்டமர் எங்ககிட்ட சண்டை. கடைசியில கண்ணாடியையே திரும்ப மாத்தினாங்க.

மதுரை_கண்ணாடிக்கடை

பிராக்கெட்டைப் பேத்து ஒட்டறவன் கடையில நான் டீ கூடக் குடிக்க மாட்டேன். ஆனா மணி சார், பிராக்கெட்டோட வர்ற, அதே பார்ட் விவரத்துக்குச் சரியா வர்ற வெளிச் சந்தைக் கண்ணாடி போட்டு, சுத்தமா பாஸ் ஆன வண்டி என்கிட்ட நிறைய இருக்கு. லோகோவுக்கு மட்டும் பாதி விலை அதிகமாக் கொடுக்கறதை நான் ஒத்துக்க மாட்டேன்.

வொர்க்‌ஷாப்_மணி

வாரன்டி ஓடற வண்டிக்கு நான் லோகோ கண்ணாடிதான் சொல்வேன். நாளைக்குக் கேமராவே போச்சுன்னா "வெளிய போட்டீங்களே"ன்னு ஒரு வார்த்தையில முடிச்சுடுவாங்க. வாரன்டி முடிஞ்ச வண்டின்னா உங்க பேச்சுக்கு வரேன்.

நாஞ்சில்_வளவன்

கண்ணாடி மூலையில இருக்கற முத்திரையைப் படிக்கக் கத்துக்கோங்க. ஐஎஸ்ஐ குறி, அதோட ஐஎஸ் 2553 எண் இருக்கணும். லேமினேட்டட்னு இருக்கணும், நம்ம மோட்டார் வாகன விதி 100 முன் கண்ணாடிக்கு அதைத்தான் கேக்குது. ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல பிவிபி பிலிம் வெச்ச சாண்ட்விச் அது, அதனாலதான் உடைஞ்சாலும் கொட்டாம வலை மாதிரி நிக்குது. பக்கத்துக் கண்ணாடி பெரும்பாலும் டெம்பர்டு, அது பொடிப் பொடியா உதிரும்.

டாப்கியர்_தம்பி

சைடு கேப்ல ஒரு டவுட். புதுக் கண்ணாடியில சன் ஃபிலிம் ஒட்டலாமா? 70 சதவீதம் வெளிச்சம் விடற கிளியர் ஃபிலிம்தான்.

நாஞ்சில்_வளவன்

2012-ல சுப்ரீம் கோர்ட் ஃபிலிம் ஒட்டறதையே தடுத்தது. அப்புறம் விதி திருத்தம், கேரள ஹைகோர்ட் 2024-ல சொன்னதுன்னு பேச்சு நீளும், அதுக்குத் தனி இழை இருக்கு, அங்க போங்க. சட்டம் எப்படியோ, கேமரா ஜன்னலுக்கு முன்னாடி எதையும் ஒட்டாதீங்க. ஃபிலிம், சாமி ஸ்டிக்கர், டாஷ்கேம், எலுமிச்சம்பழம் எதுவும் அங்க வேண்டாம்.

சர்வே_ரிப்போர்ட் (ஈரோடு)

இன்சூரன்ஸ் பக்கம் யாரும் தொடவில்லை. நான் வாகன இழப்பு மதிப்பீடு செய்பவன், பொதுவாகச் சொல்கிறேன். உங்கள் பாலிசி வாசகத்தைப் படித்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிப்பதில்லை. ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் கவர்) இல்லாத சாதாரணப் பாலிசியிலும் அப்படித்தான். ரப்பர், பிளாஸ்டிக் சாமான்களுக்குப் பாதி பிடிப்பார்கள், எனவே ஓரத்து மோல்டிங்கில் கொஞ்சம் உங்கள் கையிலிருந்து போகும். கட்டாயக் கழிவு, அதாவது கிளெய்மில் நாமே ஏற்க வேண்டிய தொகை, 1500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. பேஸ்ட், பிரைமர் போன்றவற்றுக்குக் கன்ஸ்யூமபிள்ஸ் ஆட்-ஆன் இருந்தால் நல்லது.

எல்லோரும் கோட்டைவிடுவது என்சிபி (கிளெய்ம் போடாத வருஷங்களுக்குக் கிடைக்கும் பிரீமியம் தள்ளுபடி) கணக்கு. "ஒரு கிளெய்ம்தானே, ஒரு வருஷத் தள்ளுபடிதானே போகும்" என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. என்சிபி 20, 25, 35, 45, 50 என்று படிப்படியாக ஏறுவது. கிளெய்ம் போட்டால் பூஜ்யத்துக்கு வந்து முதல் படியிலிருந்து ஏற வேண்டும். 50-ல் இருப்பவர் ஒரு கிளெய்ம் போட்டால் அடுத்த ஐந்து ரினியூவல்களில் இழப்பது 50, 30, 25, 15, 5. கூட்டினால் 125 சதவீதம். ஓன் டேமேஜ் பிரீமியம் (சொந்த வண்டிச் சேதத்துக்கான பகுதி) 10,000 என்றால், அது அப்படியே இருக்கும் என்று வைத்துக்கொண்டால், 12,500 ரூபாய். வண்டி மதிப்பு இறங்க இறங்கப் பிரீமியமும் இறங்கும், அதனால் உண்மையில் இதைவிடக் கொஞ்சம் குறையும்.

நண்பர் இப்போது எந்தப் படியில் இருக்கிறார்?

நொய்யல்காரன்

இப்ப 20-ல ஓடுதுங்க. ஓன் டேமேஜ் தள்ளுபடிக்கு முன்னாடி 12,000 சொச்சம்.

சர்வே_ரிப்போர்ட்

அப்படியானால் கிளெய்ம் இல்லாமல் போனால் 25, 35, 45, 50, 50. கிளெய்ம் போட்டால் 0, 20, 25, 35, 45. வித்தியாசம் 80 சதவீதம், சுமார் 9,600. அதோடு கழிவு, மோல்டிங் எல்லாம் சேர்த்தால் பதினொன்று, பன்னிரண்டாயிரத்துக்குள் முடியும். 31,000 பில்லுக்குக் கிளெய்ம் தாராளமாகப் போடலாம். 14,500-க்கு வெளியில் போட்டால், அதன் பிறகு கேலிபரேஷனுக்கு வேறு தனியாகப் பணம் கட்ட வேண்டிவரும். என் கணக்கில் உங்களுக்கு மலிவான வழி சர்வீஸ் சென்டர்தான். என்சிபி புரொடெக்ட் ஆட்-ஆன் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

முக்கியமானது: கேலிபரேஷன் கூலியை முதல் எஸ்டிமேட்டிலேயே தனி வரியாகப் போடச் சொல்லுங்கள். கண்ணாடி மாற்றினால் கேமராவைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும் என்று தயாரிப்பாளர் சொல்லும் பக்கத்தின் நகலும் கூடவே இருக்கட்டும். வேலை முடிந்தபின் கூடுதல் பில்லாகக் கொண்டுவந்தால் "இது பழுதா, செட்டிங்கா" என்று வாக்குவாதம் வரும். சர்வே முடியும்வரை கண்ணாடியைக் கழற்ற விடாதீர்கள்.

ஸ்கார்பரோ_ஈசன் (கனடா)

இஞ்ச குளிர் காலத்தில ரோட்டுக்கு உப்பும் சல்லியும் போடுவினம், அதால கண்ணாடியில கல்லுப் படாத வண்டியே இல்லையெண்டு சொல்லலாம். கடைக்காரர் வானில வீட்டு வாசலுக்கே வந்து மாத்திவிடுவினம். ஆனா கேமரா உள்ள வண்டியெண்டா "கடைக்குக் கொண்டுவாங்கோ" எண்டுதான் சொல்லுகினம். மட்டமான தரை வேணும், இடமும் வேணும். கடுங்குளிரில வெளியில நிண்டு பசை பூசவும் ஏலாது.

ஒரு விசயம் சொல்லோணும். புள்ளியா இருக்கேக்குள்ளயே ரெசின் எண்ட பசையை உள்ள ஏத்தியிருந்தா மாத்தவே தேவை வந்திராது. கல்லுப் பட்ட உடன அதுக்கு மேல ஒரு தெளிவான டேப்பை ஒட்டுங்கோ, ஊத்தையும் தண்ணியும் உள்ள போகாது. பிறகு ஆறுதலாக் கொண்டுபோகலாம். கேமராவுக்கு முன்னாலயும் ஓட்டுறவரின்ர நேர்ப் பார்வையிலயும் பட்டா மட்டும் ரெசின் சரிவராது.

மதுரை_கண்ணாடிக்கடை

நூத்துக்கு நூறு. சித்திரை வெயில்ல நின்ன கண்ணாடி மேல பக்கெட் தண்ணி ஊத்தறது, உடனே ஏசி காத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பறது, ரெண்டும் புள்ளியைக் கோடாக்கும்.

டாப்கியர்_தம்பி

சரி, கேலிபரேஷன்ல அப்படி என்னதான் பண்றாங்க? யாராவது கிட்ட நின்னு பாத்திருக்கீங்களா?

நொய்யல்காரன்

நான் பாத்தேன்ங்க. சர்வே_ரிப்போர்ட் அய்யா சொன்னபடியே எஸ்டிமேட்ல தனி வரி போடச் சொல்லி, கிளெய்ம் ஒத்துக்கிட்டு, வேலை முடிஞ்சு வண்டி கைக்கு வந்துருச்சு.

கண்ணாடி போடறப்ப உள்ள விடல, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்னுதான் பாத்தேன். வைப்பரைக் கழட்டி, கீழ இருக்கற பிளாஸ்டிக் கவரைக் கழட்டி, உள்ள பில்லர் கவர் இறக்கினாங்க. ஒரு மெல்லிசான ஒயரை ஓரமா விட்டு, ரெண்டு பக்கமும் ரெண்டு பேர் மாத்தி மாத்தி இழுத்து அறுத்தாங்க. மதுரை அண்ணன் சொன்ன மாதிரியே பழைய பேஸ்ட் மெல்லிசா நின்னுச்சு. கருப்புப் பிரைமரை ஒரு தக்கையில தொட்டு ஓரம் பூரா தேச்சாங்க. பேஸ்ட் முக்கோண வடிவத்துல விழுந்துச்சு, ஒரு இடத்துலயும் அறுந்து போகல. வெற்றிடக் கப்பு வெச்சுத் தூக்கி ஒரே தடவையில உக்கார வெச்சாங்க, உக்கார வெச்சதுக்கப்புறம் அசைக்கல. மேல டேப் ஒட்டி அன்னிக்கு ராத்திரி அங்கயே விட்டுட்டு வந்தேன்.

மறுநாள்தான் கேலிபரேஷன். ஒரு தனி ஹால், தரை மட்டம் பாத்துப் போட்டதாம். முதல்ல நாலு டயர்லயும் காத்து சரி பாத்தாங்க. டிக்கியில அரிசி மூட்டை ரெண்டு கிடந்துச்சு, அதை இறக்கி வெச்சுட்டுத்தான் தொட்டாங்க. பின்னாடி கனம் இருந்தா மூக்கு மேல தூக்கும், கேமரா வானத்தைப் பாக்கும்னு அந்தத் தம்பி சொன்னாப்ல. வண்டிக்கு முன்னாடி நடு லைனைக் கண்டுபிடிக்கத்தான் ரொம்ப நேரம் ஆச்சு. தூக்குக்குண்டு, லேசர், டேப்னு தரையில மார்க் பண்ணி, மேனுவல்ல போட்டிருக்கற தூரத்துல கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பலகையை நிறுத்தினாங்க. வண்டிக் கம்ப்யூட்டரோட பேசற ஸ்கேனரை மாட்டி ஆரம்பிச்சா, கேமரா அந்தக் கட்டத்தைப் பாத்துத் தன்னோட கோணத்தை எழுதிக்குது. அது கொஞ்ச நேரத்துல முடிஞ்சுது. ஏற்பாடுதான் வேலையே.

முன்னாடி எடுத்த ஸ்கேன், பின்னாடி எடுத்த ஸ்கேன் ரெண்டையும் பிரின்ட் வாங்கிட்டேன்.

வொர்க்‌ஷாப்_மணி

நல்ல இடம்தான் கிடைச்சிருக்கு. சில வண்டிக்கு இந்தப் பலகை கிடையாது, ஸ்கேனரை மாட்டிட்டு ரோட்ல ஓட்டணும். கோடு தெளிவா இருக்கற ரோடு, சொல்ற வேகத்துல சீரா. எங்களுக்கு நீலாம்பூர்ல இருந்து செங்கப்பள்ளிக்குப் போற ஆறு வழி இருக்கறதால தப்பிச்சோம். கோடு அழிஞ்ச ரோட்லயோ மழையிலயோ போனா முடியவே முடியாது. சிலதுக்குப் பலகையும் வேணும், ரோடும் வேணும்.

தம்பி, இன்னொரு விஷயமும் சொல்லிடறேன். சரியா வேலை செய்யுதான்னு பாக்க அட்டைப்பெட்டியை வெச்சு மோதப் போறது, ஆளை நிக்க வெச்சு வீடியோ எடுக்கறது எல்லாம் வேண்டாம். பகல்ல காலி ஹைவேயில லேன் கோடு ரெண்டும் டிஸ்ப்ளேல நிலையா வருதா, முன்னாடி வண்டியைச் சரியான லேன்ல காட்டுதான்னு பாருங்க, போதும். ஸ்டீயரிங் ஒரு பக்கமா இழுத்துட்டே இருந்தா திரும்பக் கொண்டு போங்க.

நொய்யல்காரன்

கோடு ரெண்டும் நிலையா வருதுங்க. ஆனா மழை இல்லாமயே வைப்பர் ஒரு தடவை ஓடுச்சு.

வொர்க்‌ஷாப்_மணி

மழை சென்சாருக்கும் கண்ணாடிக்கும் நடுவுல ஒரு ஜெல் பேட் இருக்கும். சென்சார் கண்ணாடிக்குள்ள வெளிச்சத்தை விட்டு அது திரும்பி வர்ற அளவை வெச்சுத்தான் மழையைக் கண்டுபிடிக்குது. நடுவுல காத்துக் குமிழி நின்னா இப்படிக் குழம்பும். வெளிய இருந்து டார்ச் அடிச்சுப் பாருங்க, குமிழி தெரியும். பேட் மாத்தறது சின்ன வேலை, அவங்க கணக்குலயே போட்டுக் கொடுக்கணும்.

பழைய_பத்மினி

பத்மினியில வைப்பர் மழை பெஞ்சாலே ஓடாது.

நொய்யல்காரன்

குமிழி இருக்குதுங்க அண்ணா, ரெண்டு. திங்கக்கிழமை கொண்டு போறேன். கடைசியா ஒண்ணு: ஃபாஸ்டேக் பழைய கண்ணாடியோட போயிருச்சு. உரிச்சு எடுத்து வெச்சிருக்காங்க, இதையே ஒட்டிக்கலாமா?

சர்வே_ரிப்போர்ட்

முடியாது. உரித்தாலே உள்ளே இருக்கும் ஆன்டெனா கிழிந்துவிடும்படிதான் செய்திருக்கிறார்கள். கையில் பிடித்துக் காட்டிக்கொண்டு போனாலும் பிளாக்லிஸ்ட் செய்ய 2025-லேயே உத்தரவு வந்தாயிற்று. டேக் கொடுத்த வங்கியின் ஆப்பில் "ரீப்ளேஸ்மென்ட்" என்று கேளுங்கள், இருப்புத் தொகை புது டேக்குக்கு வந்துவிடும். வேறு வங்கியில் புதிதாக வாங்கப் போகாதீர்கள், ஒரு வண்டிக்கு ஒரு டேக்தான். புதிதை ஒட்டும்போது கேமரா ஜன்னலை விட்டுத் தள்ளி ஒட்டுங்கள்.